தெருக்கோடிக் காலிமனை: பூங்காவா, குறுங்காடா, குளமா, திடலா?

சென்னையின் புறநகரில் எந்த மனைப்பிரிவுக்குப் போனாலும் கடைசித் தெருவில் அப்படி ஓர் இடம் இருக்கும். வீடு இடித்த செங்கல், உடைந்த கழிப்பறைக் கோப்பை, மழைத் தண்ணீர் தேங்கிய தேங்காய் மட்டைகள், நடுவே ஆளுயரத்துக்குச் சீமைக் கருவேலம். இருட்டிய பிறகு பெண்கள் அந்தப் பக்கம் நடப்பதில்லை. குப்பை வண்டி வராத நாட்களில் எல்லா வீட்டுக் குப்பையும் இரவோடு இரவாக அங்கே போய்ச் சேரும். காலையில் விசாரித்தால் போட்டவர் என்று ஒருவரும் இருக்கமாட்டார்.

இந்த இடத்தை என்ன செய்யலாம் என்று குடியிருப்போர் நலச்சங்கம் பேசத் தொடங்கினால், இரண்டே கூட்டத்தில் நான்கு கட்சிகள் உருவாகிவிடும். காலை நடைக்காரர்கள் பூங்கா கேட்பார்கள். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், கன்றுகளை நெருக்கி நட்டு வளர்க்கும் மியாவாக்கி குறுங்காடு என்பார். 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வாங்கியவர்கள் குளம் வெட்டச் சொல்வார்கள். கூட்டத்துக்கு அழைக்கப்படாத பையன்கள் அந்த நேரத்தில் அதே மனையின் ஓரத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். "எதைத் தேர்ந்தெடுப்பது?" என்று கேட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த முட்டுச்சந்தில்தான் நிற்கிறார்கள்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சங்கம் ஆறு கிரவுண்ட் (ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி) இடத்தில் முதலில் செய்தது ஒரு நீரூற்று. மூன்று மாதம் பொங்கியது. பிறகு மோட்டார் எரிந்தது. ஒப்பந்தக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. தொட்டியில் கொசு வந்தது, ஒன்றரை ஆண்டில் அதை மண் போட்டு மூடினோம். அதிலிருந்து, திறப்பு விழாப் படத்தில் அழகாகத் தெரிகிற எதைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

## முதல் கேள்வி: இடம் யாருடையது?

எதைச் செய்வது என்று விவாதிக்கும் முன் இதற்கு விடை வேண்டும். விடையைப் பொறுத்துப் பாதி வழிகள் தாமாகவே அடைபட்டுவிடும்.

நம் ஊரில் இப்படிக் கிடக்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, மனைப்பிரிவு போட்டபோது பொது உபயோகத்துக்காக விடப்பட்ட திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம், எல்லோரும் ஓ.எஸ்.ஆர். நிலம் என்பது இதைத்தான். தமிழ்நாட்டு விதிகளின்படி 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவுகளில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை இப்படி ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பணமாகக் கட்டித் தப்பிக்கவும் வழியில்லை. நிலத்தையே தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் கொடுத்தாக வேண்டும். இரண்டாவது, புறம்போக்கு: பழைய குட்டை, வாய்க்கால், தாங்கல் எனப்படும் சிறு ஏரி. மூன்றாவது, தனியார் மனை. உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார், அல்லது அண்ணன் தம்பி வழக்கு நடந்துகொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமான காரியம் அல்ல. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகல், நகர நில அளவைப் பதிவேடு, வில்லங்கச் சான்றிதழ் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் போதும். தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்டுவிடலாம். அந்தப் பத்திரம் பதிவாகாமல் விடுபட்டுப்போன இடங்களில்தான் பின்னாளில் புதிய கதவு எண்கள் முளைக்கின்றன.

ஓ.எஸ்.ஆர். நிலம் என்றால் பூங்கா, விளையாட்டிடம் போன்ற திறந்தவெளிப் பயன்பாடுகள் மட்டுமே. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அது நீர்நிலையாகவே திரும்ப வேண்டும். 2011இல் பஞ்சாப் கிராமக் குட்டை ஒன்றைப் பற்றிய வழக்கில், இப்படிப்பட்ட பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி மீட்கத் திட்டம் வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. தெருப் பெயரையும் ஒரு தடவை உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஏரிக்கரைத் தெரு, தாங்கல் தெரு, குளக்கரைத் தெரு என்று வந்தால், தண்ணீர் தன் பழைய முகவரியை மறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. நமக்குக் கைவிடப்பட்டதாகத் தெரிகிற இடம் வேறு யாருக்கோ பயன்பட்டுக்கொண்டிருக்கலாம். இஸ்திரி வண்டி நிற்கும், மாடு கட்டியிருக்கும், எதிரில் கட்டட வேலை செய்கிறவர்கள் மதியம் படுத்து எழுந்து போவார்கள். ஒரு வாரம் காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் போய்ப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு வராதவர்களுடைய வாக்கு அந்தத் தாளில்தான் இருக்கும்.

## எதை வைத்து எடை போடுவது?

உரிமை தெளிவான பிறகு நான் பார்ப்பவை நான்கு.

தண்ணீர். மே மாதம் எங்கிருந்து வரும், நவம்பரில் எங்கே போகும் என்ற இரண்டும் சேர்ந்த கேள்வி இது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. ஒரு கிரவுண்ட் தன் தலையில் வாங்கும் மழை மட்டும் ஆண்டுக்கு மூன்று லட்சம் லிட்டருக்கு மேல். ஆறு கிரவுண்ட் என்றால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2015ஐயும், நகரின் ஏரிகள் வறண்டு லாரிகளுக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய 2019ஐயும் நான்கே ஆண்டு இடைவெளியில் பார்த்த ஊர் இது. இரண்டையும் தாங்காத திட்டம் இங்கே தேறாது.

மூன்றாம் ஆண்டுச் செலவு. முதல் ஆண்டுப் பணம் எப்படியாவது கிடைத்துவிடும். சட்டமன்ற உறுப்பினர் நிதி, மாமன்ற உறுப்பினர் நிதி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, மக்கள் பங்கு போடும் நமக்கு நாமே திட்டம் என்று வழிகள் பல. மூன்றாம் ஆண்டு காவலாளி சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் எந்த நிதியும் வராது.

யார் வருவார்கள். பாட்டி, குழந்தை, பதின்வயதுப் பெண், இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்புகிறவர் என ஆளுக்கு ஒரு நேரம். ஒரே கூட்டம் மட்டும் வந்துபோகும் இடம் அந்தக் கூட்டத்தின் இடமாகிவிடும்.

திருப்ப முடியுமா. செய்தது தவறு என்று தெரிந்தால் ஒரு நாள் வேலையில் மாற்ற முடிய வேண்டும். மண்ணை மாற்றலாம், வேலியை நகர்த்தலாம். கான்கிரீட்டைப் போட்டால் அதோடுதான் காலம் தள்ள வேண்டும்.

## வழி 1: சுத்தம் செய்து, தாழ்வேலி போட்டு, நாலு மரம் வைத்து விட்டுவிடுவது

கேட்டதும் சப்பென்று இருக்கும். சங்கக் கூட்டத்தில் இதை முன்மொழிந்தால் "இதற்கா கூடினோம்?" என்பார்கள். ஆனால் இங்கே பேசப்படும் வழிகளில் நேருக்கு நேர் சோதித்துப் பார்த்த ஆதாரம் அதிகம் இருப்பது இதற்குத்தான்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொழிற்சாலைகள் மூடி, மக்கள் வெளியேறிய பகுதிகளில் ஆயிரக்கணக்கான மனைகள் அநாதையாகக் கிடந்தன. பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம் அவற்றில் ஓர் எளிய வேலையைச் செய்துவந்தது. குப்பையை அள்ளி, மண்ணைச் சமன் செய்து, புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, இடுப்பளவுகூட வராத மரக்கம்பு வேலி. அவ்வளவுதான். இதனால் உண்மையில் ஏதாவது மாறுகிறதா என்று பார்க்க ஆய்வாளர்கள் 541 மனைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் மூன்று கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறில் முழு வேலை, இன்னொன்றில் குப்பை அள்ளுவது மட்டும், மூன்றாவதில் ஒன்றுமில்லை. 2018இல் முடிவுகள் வெளிவந்தன. வறுமைக்கோட்டுக்குக் கீழிருந்த பகுதிகளில், சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது. பசுமையாக்கிய மனைகளுக்கு அருகில் வசித்தவர்களிடையே, மனம் சோர்ந்திருப்பதாகச் சொன்னவர்கள் ஒன்றும் செய்யாத மனைப் பக்கத்தவரோடு ஒப்பிட 41.5 சதவீதம் குறைவு. குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் மனநிலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. செலவு ஒரு மனைக்குச் சுமார் 1,600 டாலர், பிறகு பராமரிப்புக்கு ஆண்டுக்குச் சுமார் 180 டாலர். ஒரு பெருநகர அரசுக்கு இது சில்லறைக் காசு.

அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது என்பதும் உண்மை. அங்கே மனை காலியாகக் கிடந்தது, நிலத்துக்கு மதிப்பில்லாமல் போனதால். டெட்ராய்ட் நகரில் பக்கத்து மனையை 100 டாலருக்கே விற்றார்கள். இங்கே மனை காலியாகக் கிடப்பது விலை ஏறட்டும் என்று காத்திருப்பதால், அல்லது யாரோ கண் வைத்திருப்பதால். எனவே இங்கே இந்த வேலைக்கு இன்னொரு பயனும் உண்டு: வேலியும் பெயர்ப் பலகையும் மரமும் இருக்கும் இடத்தில் இரவோடு இரவாகக் கொட்டகை போடுவது கடினம்.

வேலியின் உயரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வழக்கம் எட்டடிச் சுவர், இரும்புக் கதவு, பூட்டு. சாவி ஒருவரிடம் இருக்கும், அவர் திருமணத்துக்குத் திருச்சி போயிருப்பார். உயர்ந்த சுவருக்குப் பின்னால் நடப்பது தெருவுக்குத் தெரியாது. மது பாட்டில்கள் சேர்வது அங்கேதான். பிலடெல்பியா வேலியில் ஆட்கள் நுழைய இடைவெளி விட்டிருந்தார்கள். லாரி நுழைய முடியாது, பாட்டி நுழையலாம்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று: பல் தேய்ப்பதுபோல் தவறாமல் செய்ய வேண்டிய வேலை இது. மழைக்குப் பின் ஒரு மாதம் விட்டால் பார்த்தீனியக் களை முழங்கால் உயரம் வந்துவிடும். சீமைக் கருவேலத்தை மேலே மட்டும் வெட்டினால் தூரிலிருந்து இரட்டிப்பாகத் தழைக்கும், வேரோடு எடுக்க வேண்டும். அமெரிக்கப் புல்தரையும் இங்கே வேண்டாம். வேம்பும் புங்கனும் பூவரசும் வைத்து, தரையை மண்ணாகவே விட்டால் போதும்.

## வழி 2: நடைபாதையும் இருக்கையும் உள்ள பூங்கா

எல்லோருக்கும் தெரிந்தது, ஆகவே எல்லோரும் கேட்பது. தியாகராய நகர் பனகல் பூங்காவைப்போல் நடுவில் பச்சை, சுற்றி நடைபாதை, நிழலில் பெஞ்சு என்று அமைந்தால் தலைமுறைகளுக்கு நிற்கும். முதியவர்கள் அதிகம் உள்ள தெருவுக்கு இதைவிட நல்ல விடை கிடையாது.

ஆனால் இன்றைய பூங்கா மதிப்பீட்டைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பாதி இடம் கான்கிரீட் கல்லுக்கும், மீதி சிமெண்ட் டால்பினுக்கும், திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளுக்கும் போயிருக்கும். கருவிகளின் உருளைகள் தேய்ந்தால் மாற்றுவார் இல்லை. வெளிநாட்டுப் புல்லுக்கு நாள் தவறாமல் தண்ணீர் வேண்டும், 2019 போல ஒரு கோடை வந்தால் முதலில் சாவது அதுதான். காவலாளி, தோட்டக்காரர், கழிப்பறைச் சுத்தம், விளக்குக் கட்டணம் எல்லாம் மாதாமாதம் வரும். கழிப்பறையைச் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டால் பெண்களும் முதியவர்களும் அரை மணி நேரத்துக்கு மேல் அங்கே இருக்கமாட்டார்கள்.

இன்னொரு செலவு மதிப்பீட்டுத் தாளில் வராது. பூங்கா வந்ததும் "பூங்காவை ஒட்டிய வீடு" என்று விளம்பரம் வரும், வாடகை ஏறும். சொந்த வீட்டுக்காரருக்கு அது ஆதாயம். குப்பை மேட்டை ஒட்டி இத்தனை ஆண்டு நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு குறைந்த வாடகையில் இருந்த குடும்பத்துக்கு, பூங்கா திறந்த மறு ஆண்டு காலி செய்யும் கடிதம் வரலாம்.

உள்ளாட்சியே எழுத்தில் பராமரிப்பை ஏற்றுக்கொண்டால் பூங்காவுக்குப் போங்கள். வாய்மொழி உறுதி மட்டும் இருந்தால் வழி 1இலிருந்து தொடங்கி, ஆண்டுக்கொரு பெஞ்சாகச் சேர்த்துக்கொண்டே போங்கள்.

## வழி 3: மியாவாக்கி குறுங்காடு

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி (1928–2021) உருவாக்கிய முறை. மண்ணை ஆழமாகத் தோண்டி, எருவும் உமியும் கலந்து நிரப்பி, சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து உள்ளூர்க் கன்றுகளை நெருக்கி நடுவது. ஒளிக்குப் போட்டி போட்டுக்கொண்டு அவை விறுவிறுவென மேலே போகும். சென்னை மாநகராட்சி 2020இல் கோட்டூர்புரத்தில் தொடங்கிப் பல இடங்களில் இதைச் செய்தது. குப்பை கிடந்த இடம் இரண்டே ஆண்டில் காடாக நிற்பதைப் பார்க்கும்போது மனம் நிறையும், மறுக்கவில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கிரவுண்டில் சதுர மீட்டருக்கு மூன்று வைத்தாலே ஏறக்குறைய 670 கன்றுகள். கோடையில் ஒன்றுக்கு நாளைக்கு இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 1,300 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரி ஒன்று ஒன்பது நாளைக்கு வரும். ஐந்து கிரவுண்ட் என்றால் இரண்டு நாளைக்குக்கூட வராது. இரண்டு மூன்று ஆண்டு தாண்டினால் தண்ணீர் தேவையில்லை என்பது சரிதான். அந்த இரண்டு மூன்று கோடையைத் தாண்டுவதுதான் சங்கதி. ஆழ்துளைக் கிணறு இல்லாத இடத்தில் இதைத் தொடங்குவது பிள்ளை பிறந்த பிறகு பால் தேடுவதுபோல.

இரண்டாவது தயக்கம், இந்த நிலத்தின் இயல்பு பற்றியது. நம் கடற்கரையின் இயற்கைக் காடு, வறண்ட பசுமைமாறாக் காடு: குட்டை மரமும் புதரும் கொடியும் கலந்து, நடுநடுவே வெளி விட்டு வளர்வது. ஒல்லியாக நெட்டையாக நெருக்கி நிற்கும் காடு இந்த ஊர் முகத்துக்கு ஒட்டாத மீசை. 2016 டிசம்பரில் வார்தா புயல் சென்னையின் மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு, வேர் விரிய இடமில்லாத மரம் என்றாலே கொஞ்சம் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அதே கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் இன்னொரு முறையையும் பார்க்கலாம். குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை 2006 முதல் 'நிழல்' என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் உடலுழைப்பால் மரப்பூங்காவாக மாற்றினார்கள். உள்நாட்டு மரங்களைப் பரவலாக, இடைவெளி விட்டு வைத்தார்கள். வேகம் குறைவு, ஆனால் உள்ளே நடக்கலாம், நின்று பட்டாம்பூச்சி பார்க்கலாம். மியாவாக்கிக் காட்டை வெளியே நின்றுதான் பார்க்க முடியும். குழந்தைகள் உள்ளே போக முடியாத பசுமை, நெரிசலான தெருவுக்கு எவ்வளவு உதவும் என்று யோசியுங்கள்.

குறுங்காடு எங்கே சரி? ரயில்பாதை ஓரம், நெடுஞ்சாலை ஓரம், தொழிற்பேட்டைக்கும் குடியிருப்புக்கும் நடுவே உள்ள நீளத் துண்டு போன்ற இடங்களில். யாரும் உட்கார விரும்பாத அந்த இடங்களில் தூசியையும் சத்தத்தையும் தடுக்க இதற்கு ஈடில்லை.

## வழி 4: மழைநீர்க் குளம்

2024 செப்டம்பரில் கிண்டி குதிரைப் பந்தயத் திடலை அரசு கையகப்படுத்தியதும் அங்கே முதலில் நடந்த வேலைகளில் ஒன்று குளம் வெட்டியது. மாநகராட்சியும் பூங்காக்களுக்குள் மண்ணைத் தாழ்த்திக் குளம் அமைத்து, மழைநீர் உறிஞ்சும் பூங்கா என்று பல இடங்களில் செய்துவருகிறது. நம் முன்னோர் தாங்கல் என்று பெயர் வைத்ததைச் சுற்றி வளைத்து மீண்டும் கண்டுபிடித்திருக்கிறோம்.

மழைக்குத் தண்ணீர் ஓடிவந்து நிற்கிற மனையென்றால் வேறு யோசனை வேண்டாம். அங்கே மண் கொட்டி உயர்த்திப் பூங்கா போட்டால், அந்தத் தண்ணீர் அடுத்த தெருக்காரர் வீட்டுக்குப் போகும். நீங்கள் பூங்கா கட்டவில்லை, வழக்குக் கட்டுகிறீர்கள்.

மண்ணைப் பார்க்க வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர மணலில் தண்ணீர் விட்ட கையோடு இறங்கிவிடும், ஆழம் குறைந்த பள்ளமே போதும். வேளச்சேரிப் பக்கக் களிமண்ணில் நாட்கணக்கில் நிற்கும். அங்கே நடுவில் மணலும் ஜல்லியும் நிரப்பிய உறிஞ்சு கிணறுகள் தேவைப்படும்.

கொசு வரும் என்பதுதான் எல்லோருடைய எதிர்ப்பும். பாதி நியாயம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு விரும்புவது குளத்தை அல்ல. டயர், தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் கோப்பை போன்ற சிறு கலங்களில் நிற்கும் தெளிந்த தண்ணீரை. அதாவது இன்று அந்தக் குப்பை மனையில் கிடப்பதை. முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் வடிந்துவிடும் பள்ளத்தால் ஆபத்தில்லை. நிரந்தரமாகத் தண்ணீர் நிற்கும் குளத்தில் மீன் விட வேண்டும். மீதிப் பாதி பயம் முற்றிலும் சரி: கழிவுநீர் கலந்தால் க்யூலெக்ஸ் கொசு பெருகும், மீனும் சாகும். மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கழிவுநீர் இணைப்பு கொடுத்த ஒரே ஒரு வீடு போதும், மொத்தக் குளமும் சாக்கடை. குளம் வெட்டும் முன், மழை இல்லாத மார்ச் மாதத்தில் அந்த வடிகாலைத் திறந்து பாருங்கள். ஈரம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

குழந்தைகள் விழாதபடி கரை சரிவாக இருக்க வேண்டும். செங்குத்துச் சுவர் எழுப்பிக் கம்பி வலை போட்டால் அது தொட்டி. ஆண்டுக்கு ஒருமுறை, ஆடி ஆவணிக்குள் தூர் வார வேண்டும். இதற்கு யார் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

## வழி 5: விளையாட்டுத் திடல்

சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் பல இடங்களில் இது ஏற்கெனவே இருக்கிறது. மண்ணைச் சமன் செய்து, கல்லைப் பொறுக்கி, பந்து அடுத்த வீட்டு ஜன்னலுக்குப் போகாமல் ஒரு பக்கம் உயர வலை கட்டினால் போதும். செலவு குறைவு, பயன்பாடு அதிகம்.

விபரீதம் தொடங்குவது "தரம் உயர்த்துவது" என்ற இடத்தில். செயற்கைப் புல்தரை போட்டால் வெயிலில் சுடும், சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும், அந்தப் பணத்துக்குக் கட்டணம் வைக்கத் தோன்றும். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி ஒன்பது செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது. மண் திடலுக்கு யாரும் டிக்கெட் கேட்க முடியாது.

மாலையில் பெண்பிள்ளைகளுக்கென ஒரு மணி நேரம் ஒதுக்க உங்கள் சங்கத்துக்குத் துணிவு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் திடல் பையன்களுக்கு மட்டும்தான்.

## தனியார் மனை என்றால்

மேலே சொன்ன எதுவும் நிரந்தரமாகச் செய்ய முடியாது. உரிமையாளரின் பயம், உள்ளே விட்டால் இடம் போய்விடுமோ என்பது. காலவரையறைச் சட்டத்தின்படி 12 ஆண்டு எதிரிடை அனுபோகம், அதாவது அனுமதியில்லாமல் அத்தனை காலம் தொடர்ந்து பிடித்துவைத்திருந்தவருக்கே இடம் சொந்தமாகிவிடும் என்ற பூச்சாண்டி எல்லோருக்கும் தெரியும். அனுமதியோடு பயன்படுத்துகிறோம் என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அந்தப் பயத்தைப் போக்கும். அவருக்கும் இலவசக் காவல் கிடைக்கும். அங்கே காய்கறித் தோட்டம் போடலாம். ஆனால் கட்டட இடிபாடு கிடந்த மண்ணில் நேரடியாகக் கீரை விதைக்க வேண்டாம், பைகளிலும் உயர்த்திய பாத்திகளிலும் புதுமண் போட்டு வளர்க்கலாம். மரம் நடாதீர்கள். மூன்றாம் ஆண்டு அவர் வீடு கட்ட வரும்போது அந்த மரத்தை வெட்டுவதை நீங்கள் நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

## ஒரே பார்வையில்

| | கோடைத் தண்ணீர் | அடைமழையில் | மூன்றாம் ஆண்டுச் செலவு | யாருக்கு | திருப்ப முடியுமா |
|---|---|---|---|---|---|
| தாழ்வேலி, மரங்கள் | குறைவு | தாங்கும் | மிகக் குறைவு, ஆனால் தவறாத உழைப்பு | வழிப்போக்கர் உட்பட எல்லோருக்கும் | எளிது |
| பூங்கா | அதிகம் | கான்கிரீட்டைப் பொறுத்தது | அதிகம், மாதாமாதம் | முதியவர், சிறுபிள்ளைகள் | கடினம் |
| குறுங்காடு | முதல் மூன்று கோடை மிக அதிகம் | உறிஞ்சும் | பிறகு குறைவு | பறவைக்கு, காற்றுக்கு. உள்ளே போக முடியாது | மனம் வராது |
| குளம் | தேவையில்லை | இதற்காகவே இருப்பது | தூர் வாரும் செலவு | தெரு முழுவதற்கும், கிணறுகளுக்கும் | கடினம் |
| மண் திடல் | இல்லை | சில நாள் சேறு | குறைவு | பெரும்பாலும் பையன்கள் | மிக எளிது |

நான் எப்படித் தேர்ந்தெடுப்பேன்? தண்ணீர் நிற்கும் பொது நிலம் என்றால் குளம், மறுபேச்சில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே ஆடுகிற இடம் என்றால் திடலை அப்படியே விட்டு, ஓரம் நெடுக நிழல் மரம் மட்டும் வைப்பேன். சாலையோரத் துண்டு நிலமாக இருந்து, கிணறும் இருந்தால் குறுங்காடு. உள்ளாட்சி எழுத்தில் பொறுப்பேற்று, சுற்றிலும் முதியவர்கள் இருந்தால் பூங்கா. மற்ற எல்லா இடங்களுக்கும், குறிப்பாகச் சங்கத்தில் இன்னும் ஒத்த கருத்து வராத இடங்களுக்கும், வழி 1. அதைச் செய்து ஒரு வருடம் இருந்து பார்த்தால் அந்த இடத்துக்கு யார் வருகிறார்கள், எந்த மூலையில் உட்காருகிறார்கள், எந்தப் பக்கம் குறுக்கே நடந்து ஒற்றையடிப் பாதை விழுகிறது என்று தெரிந்துவிடும். பிறகு பெஞ்சை எங்கே போடுவது என்பதற்குக் கூட்டமே தேவைப்படாது.

ஆறு கிரவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் கலந்தும் செய்யலாம். எங்கள் இடத்தில் இப்போது தாழ்ந்த மூலை பள்ளமாகவும், நடுப்பகுதி மண் திடலாகவும், மேற்கு ஓரம் வேம்பும் நாவலும் புன்னையுமாகவும் இருக்கிறது. நீரூற்றுத் தொட்டி இருந்த வட்டத்தில் எதுவும் முளைக்க மறுக்கிறது. பையன்கள் அதைத்தான் ஆடுகள முனையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எதை முடிவு செய்தாலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் கான்கிரீட் போட ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்துவார், நிதியாண்டு முடிகிறது என்பார். முதல் கனமழை பெய்து நின்ற மறுநாள் காலை, குடையும் ஒரு கட்டு மூங்கில் குச்சியும் எடுத்துக்கொண்டு அந்த மனைக்குப் போங்கள். தண்ணீர் எதுவரை நிற்கிறதோ அதன் விளிம்பு நெடுகக் குச்சி நடுங்கள். அந்தக் கோட்டைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.